ஆசிரியர் இல்லாத வகுப்பு: ஆண்ட்ரூ பார்ட்டோவின் ஆய்வுப் பணி – ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு தண்டவாளம், அதன் மேல் ஒரு சிறு வண்டி, வண்டியின் மேல் கீல் வைத்துப் பொருத்திய ஒரு கோல். வண்டியை இடமாகவோ வலமாகவோ தள்ளிக் கோல் விழாமல் காக்க வேண்டும். கோல் செங்குத்திலிருந்து 12 பாகைக்கு மேல் சாய்ந்தாலோ, வண்டி நடுவிலிருந்து 2.4 மீட்டரைத் தாண்டினாலோ ஆட்டம் முடிந்தது. வெகுமதியாலும் தண்டனையாலும் கற்கும் முறையான, வலுவூட்டல் கற்றல் எனப்படும் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கைப் படிக்கத் தொடங்கும் மாணவர்களில் பலர் கணினியில் முதன்முதலாகச் செய்து பார்க்கும் பயிற்சி இதுவே. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஜிம் என்ற மென்பொருள் தொகுப்பில் இது 'கார்ட்போல்' என்ற பெயரில் இருக்கிறது. அந்த நிரலில் உள்ள குறிப்பு, இந்தக் கணக்கைப் பார்ட்டோ, சட்டன், ஆண்டர்சன் ஆகிய மூவர் விவரித்தவாறு எடுத்துக்கொண்டதாகச் சொல்கிறது. அவர்களுடைய கட்டுரை வெளிவந்த ஆண்டு 1983.

அந்த மூவரில் முதலாமவரான ஆண்ட்ரூ பார்ட்டோ, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆம்ஹர்ஸ்ட் நகரின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மாணவராக இருந்து பின்னர் உடன் ஆய்வாளரான ரிச்சர்ட் சட்டனின் பெயரே இன்று கூடுதலாகப் புழங்குகிறது. இருந்தும் இந்த ஆய்வுக்குப் பார்ட்டோவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே கேள்வியோடு, முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவர் அவர். அந்தக் கேள்விக்கு நல்ல பெயர் இல்லாத காலத்திலும், இருப்பதாகவே பலரும் அறியாத காலத்திலும், எல்லோரும் அதை நோக்கி ஓடிவந்த காலத்திலும் அவர் அங்கேயே இருந்தார். அவர் தந்த நெறிமுறைகள் (அல்காரிதங்கள்) முக்கியமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னதாக, பிறர் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்த இரண்டு வகைக் கற்றல்களைப் பிரித்துக் காட்டி, அந்தப் பிரிவை விட்டுக்கொடுக்காமல் காத்ததே அவருடைய தலையாய பணி என்பது என் கணிப்பு.

கப்பலிலிருந்து மூளைக்கு

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பார்ட்டோ படிக்கச் சேர்ந்தது கப்பல் வடிவமைப்புப் பொறியியல். 1970-இல் பட்டம் பெற்றபோது அது கணிதமாக மாறியிருந்தது. மூளையைக் கணக்கீட்டு நோக்கில் ஆராய்ந்த மைக்கேல் ஆர்பிப் எழுதியவற்றையும், நரம்பணுவைத் தர்க்கக் கருவியாகப் பார்க்கலாம் என்று 1943-இல் காட்டிய மெக்கல்லக், பிட்ஸ் இருவரின் பணியையும் படித்த பிறகு, மூளையைக் கணிதத்தாலும் கணினியாலும் விளக்கும் முயற்சியில் அவருடைய மனம் சென்றது. 1975-இல் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேட்டின் பொருள், அண்டைக் கட்டங்களைப் பார்த்துத் தம் நிலையை மாற்றிக்கொள்ளும் கட்டங்களாலான செல்லுலார் ஆட்டோமேட்டாவை இயற்கை அமைப்புகளின் மாதிரிகளாகப் பயன்படுத்துவது. பரிணாமத்தைப் போலக் கலந்தும் தேர்ந்தும் விடை தேடும் மரபணு நெறிமுறைகளைத் தொடங்கிவைத்த ஜான் ஹாலண்ட் மிச்சிகனில் பணியாற்றிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அறிவைத் தர்க்க விதிகளாக எழுதிவைப்பதைவிட, சூழலோடு மோதித் தன்னைத் திருத்திக்கொள்ளும் அமைப்புகளைக் கட்டுவதில் அங்கே நம்பிக்கை இருந்தது.

1977-இல் பார்ட்டோ முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக ஆம்ஹர்ஸ்டுக்கு வந்தார். எவருடைய எழுத்து அவரைத் திசைதிருப்பியதோ அந்த ஆர்பிப் அப்போது அங்கேதான் இருந்தார். பார்ட்டோவுக்குத் தரப்பட்ட வேலை சற்று விசித்திரமானது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹாரி கிளாஃப் என்பவர், நரம்பணுக்கள் சமநிலையை நாடுபவை அல்ல என்றும், ஒவ்வொரு நரம்பணுவும் தனக்கு இன்பம் தருவதைப் பெருக்கிக்கொள்ளவும் துன்பம் தருவதைக் குறைத்துக்கொள்ளவும் முயல்கிறது என்றும் ஒரு கோட்பாட்டை 1972-இல் முன்வைத்திருந்தார். அந்தக் கோட்பாட்டில் அறிவியல்ரீதியாக ஏதேனும் இருக்கிறதா என்று ஆராய்வதே திட்டத்தின் நோக்கம். 1978-இல் ஸ்டான்ஃபோர்டில் உளவியலில் இளநிலைப் பட்டம் பெற்ற சட்டன் மாணவராக வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்தின் நிலையை நினைவில் கொள்ள வேண்டும். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களான மின்ஸ்கியும் பேப்பர்ட்டும், நரம்பணு போன்ற எளிய அலகுகளை இணைத்துக் கட்டும் நரம்பிணையங்களில் ஒற்றை அடுக்கு கொண்டவற்றின் வரம்புகளை 1969-இல் நிறுவிய பிறகு, நரம்பிணைய ஆய்வு என்று சொன்னாலே நிதி தருவோர் முகம் சுளித்தார்கள். செயற்கை நுண்ணறிவின் பெரும்பகுதி குறியீடுகளையும் விதிகளையும் நோக்கிப் போயிருந்தது. இத்தகைய நேரத்தில், இன்பம் தேடும் நரம்பணு என்ற கருத்தை ஓர் இளம் ஆய்வாளர் கையில் எடுப்பது தொழில்ரீதியாகப் புத்திசாலித்தனமான முடிவு அல்ல.

விடைத்தாளும் மதிப்பெண்ணும்

பார்ட்டோவும் சட்டனும் முதலில் செய்தது இலக்கியத் தேடல்தான். வெகுமதியாலும் தண்டனையாலும் கற்கும் இயந்திரம் என்பது பழைய எண்ணம் ஆயிற்றே, யாராவது முழுமையாகச் செய்திருப்பார்கள் என்றே அவர்கள் எதிர்பார்த்தார்கள். கணினி அறிவியலின் முன்னோடியான ஆலன் டூரிங்கே 1950-இல் எழுதிய கட்டுரையில் குழந்தை போன்ற இயந்திரத்துக்கு வெகுமதியும் தண்டனையும் கொடுத்துப் பழக்குவதைப் பற்றிப் பேசியிருந்தார். ஆனால் தேடிப் பார்த்தபோது கிடைத்தது வேறு. வெகுமதி, தண்டனை என்ற சொற்களைப் பயன்படுத்திய பலரும் உண்மையில் கட்டியிருந்தவை, சரியான விடையைக் காட்டித் திருத்தும் இயந்திரங்கள். சொல் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருந்தது.

இந்த வேறுபாட்டை நம் பள்ளிக்கூட அனுபவத்திலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். ஓர் ஆசிரியர் விடைத்தாளில் தவறான இடத்தை அடித்துவிட்டுச் சரியான விடையைச் சிவப்பு மையில் எழுதித் தருகிறார். மாணவர் தன் விடைக்கும் அந்த விடைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார். இன்னோர் ஆசிரியர் எந்தக் குறியும் இடாமல், தாளின் மேலே 43 என்று மட்டும் எழுதித் தருகிறார். 43 நல்லதா கெட்டதா, எந்தக் கேள்வியில் போனது, வேறு எப்படி எழுதியிருந்தால் 60 வந்திருக்கும் என்பவை எவையும் மாணவருக்குத் தெரியாது. வேறுவிதமாக எழுதிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வகை, மேற்பார்வைக் கற்றல். இரண்டாவது, மதிப்பீட்டால் கற்றல். இரண்டாவது வகையில் முயன்று பார்ப்பது கற்றலின் பிரிக்க முடியாத பகுதி. முயலாதவருக்குத் தகவலே கிடைக்காது. இதிலும் கொடுமையான நிலை ஒன்று உண்டு. ஒவ்வொரு தாளுக்கும் மதிப்பெண் தராமல், ஆண்டு முடிவில் 'தேர்ச்சி இல்லை' என்று ஒரே ஒரு சொல் மட்டும் வந்தால் என்ன செய்வது? ஆண்டு முழுவதும் செய்த ஆயிரம் செயல்களில் எதன் கணக்கில் அந்தப் பற்றை எழுதுவது? மின்ஸ்கி 1961-இல் சுட்டிக்காட்டிய இந்தச் சிக்கலை ஆங்கிலத்தில் 'கிரெடிட் அசைன்மென்ட்' என்கிறார்கள். வரவு வைக்கும் சிக்கல் என்று தமிழில் சொன்னால் நம் கணக்குப்பிள்ளைகளுக்குக்கூடப் புரியும்.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பெர்னார்ட் விட்ரோவும் உடன் ஆய்வாளர்களும் 1973-இல், ஆசிரியரிடம் கற்பதற்கு மாற்றாக விமர்சகரிடம் கற்பது என்ற தொடரைப் பயன்படுத்தி, பிளாக்ஜாக் சீட்டாட்டத்தைக் கற்கும் அமைப்பு ஒன்றை விவரித்திருந்தனர். ஆர்தர் சாமுவேல் 1959-இல் வெளியிட்ட செக்கர்ஸ் நிரல், ஆட்டத்தின் ஒரு நிலைக்குத் தான் கொடுத்த மதிப்பை அடுத்து வந்த நிலையின் மதிப்போடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டது. ஆனால் இவை தனித்தனித் தீவுகளாகக் கிடந்தன. அவற்றை ஒரே நிலப்பரப்பாகப் பார்த்து அதற்கு ஒரு பெயரும் எல்லையும் கொடுத்தது ஆம்ஹர்ஸ்ட் ஆய்வகம். 1981-இல் உளவியல் இதழ் ஒன்றில் பார்ட்டோவும் சட்டனும் எழுதிய கட்டுரை, விலங்குகளின் பழக்கவழிக் கற்றலில் எதிர்பார்ப்பும் முன்கணிப்பும் வகிக்கும் பங்கைக் கணித வடிவில் வைத்தது. கணினி அறிவியல் துறையைச் சேர்ந்த ஒருவர் விலங்கு உளவியல் இதழ்களைப் படித்து அங்கேயே எழுதவும் செய்தது அன்றைக்கு வழக்கமான செயல் அல்ல.

162 பெட்டிகள்

இனி அந்தக் கோலுக்கு வருவோம். எடின்பரோவில் டொனால்ட் மிச்சியும் சேம்பர்ஸும் 1968-இல் இதே கணக்குக்கு 'பாக்ஸஸ்' என்ற நிரலை எழுதியிருந்தார்கள். வண்டியின் இடம், அதன் வேகம், கோலின் சாய்வு, சாய்வு மாறும் வேகம் ஆகிய நான்கு எண்களும் சேர்ந்து வண்டியின் நிலையைச் சொல்கின்றன. ஒவ்வொரு எண்ணின் வீச்சையும் சில பகுதிகளாக வெட்டினால், நிலைகள் எல்லாம் பெட்டிகளாக அடங்கிவிடும். பார்ட்டோ குழு இடத்தை 3 ஆகவும், வேகத்தை 3 ஆகவும், சாய்வை 6 ஆகவும், சாய்வு வேகத்தை 3 ஆகவும் பிரித்தது. பெருக்கினால் 162 பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் 'இடமா, வலமா' என்ற ஒரே முடிவு. நொடிக்கு 50 முறை வண்டி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பார்த்து, 10 நியூட்டன் விசையால் ஒரு பக்கம் தள்ள வேண்டும். கோல் விழும்போது மட்டும் 'கழித்தல் 1' என்ற செய்தி வரும். மற்ற நேரமெல்லாம் மௌனம்.

மிச்சியின் நிரலில் ஒவ்வொரு முயற்சியும் தோல்வியில் முடிந்த பிறகே பெட்டிகளின் கணக்கு திருத்தப்பட்டது. இதில் ஒரு நுட்பமான முரண் இருக்கிறது. நிரல் தேறத் தேற, கோல் விழுவது அரிதாகிறது; விழுவது அரிதானால் செய்தி வருவதும் அரிதாகிறது. நன்றாகச் செய்யும் மாணவருக்குப் பாடமே நின்றுபோகிறது.

பார்ட்டோ, சட்டன், ஆண்டர்சன் மூவரும் இரண்டு நரம்பணு போன்ற அலகுகளை வைத்து இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். ஓர் அலகு செயலைத் தேர்ந்தெடுக்கிறது. மற்றோர் அலகு எந்தச் செயலையும் செய்வதில்லை. இப்போது இருக்கும் பெட்டி எவ்வளவு ஆபத்தானது என்று கணிப்பது மட்டுமே அதன் வேலை. பின்னாளில் இந்த இணைக்கு 'ஆக்டர்–கிரிட்டிக்', அதாவது செய்பவரும் மதிப்பிடுபவரும், என்ற பெயர் நிலைத்தது. வண்டி ஆபத்தான பெட்டியிலிருந்து ஆபத்து குறைந்த பெட்டிக்கு நகர்ந்தால், கோல் விழாத அந்த நேரத்திலேயே மதிப்பீட்டாளர் 'நல்லது நடந்தது' என்ற உள்செய்தியை அனுப்புகிறது. வெளியிலிருந்து வரும் மௌனத்தை உள்ளிருந்து வரும் கணிப்பு நிரப்புகிறது. கூடவே, வண்டி அண்மையில் கடந்துவந்த ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தடம் விடப்படுகிறது. ஈர மண்ணில் பதிந்த காலடி காய்வதுபோல அது மெல்ல மங்கும். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ வந்தால், தடம் இன்னும் மங்காத பெட்டிகளுக்கு மிகுதியாகவும், மங்கிய பெட்டிகளுக்குக் குறைவாகவும் வரவோ பற்றோ எழுதப்படுகிறது.

மதிப்பீட்டாளர் தானே எப்படிக் கற்கிறது என்பதுதான் இதில் மிக அழகான பகுதி. அதற்கும் ஆசிரியர் இல்லை. ஒரு கணத்துக்கு முன் தான் சொன்ன கணிப்பையும் இப்போது தான் சொல்லும் கணிப்பையும் ஒப்பிடுகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் முந்தையதைத் திருத்துகிறது. பிந்தைய கணிப்பு முடிவுக்கு நெருக்கமானது என்பதால் அதை நம்புவது நியாயம். கணிப்பைக் கொண்டு கணிப்பைத் திருத்தும் இந்த உத்தியைத்தான் சட்டன் 1984-இல் பார்ட்டோவின் வழிகாட்டுதலில் முடித்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலும், 1988-இல் எழுதிய தனிக் கட்டுரையிலும் காலவேறுபாட்டு முறை என்ற பெயரில் விரிவாக்கினார்.

சோதனையில் ஒவ்வோர் ஓட்டமும் 100 முயற்சிகளுக்கோ, மொத்தம் 5 இலட்சம் காலப்படிகளுக்கோ நடந்தது. 5 இலட்சம் படிகள் என்பது ஏறத்தாழ 2.8 மணி நேரம் வண்டியை ஓட்டுவதற்குச் சமம். அந்த எல்லைக்குள் இரண்டு அலகு அமைப்பு, மிச்சியின் முறையைவிடப் பன்மடங்கு நீண்ட நேரம் கோலை நிறுத்தியது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். 162 பெட்டிகளை வரைந்தது மனிதர். எந்த வேறுபாடு முக்கியம், எது முக்கியமில்லை என்று தீர்மானிக்கும் கடினமான வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது. பெட்டிகளை இயந்திரமே உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்ற அடுத்த படியைச் சார்லஸ் ஆண்டர்சன் தம் ஆய்வேட்டில் எடுத்தார். பல அடுக்கு நரம்பிணையத்தைக் கொண்டு அதே கோலை நிறுத்த முயன்றார். இன்று ஆழ்கற்றலும் வலுவூட்டல் கற்றலும் இணைந்த துறை என்று பெரிதாகப் பேசப்படுவதன் வித்து 1980-களின் நடுவில் அந்த ஆய்வகத்திலேயே இருந்தது. வளரத் தேவையான கணினி வேகம் மட்டும் இல்லை.

நடுவாண்டுகள்

பதவி வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம்: 1982-இல் இணைப் பேராசிரியர், 1991-இல் பேராசிரியர், 2007 முதல் 2011 வரை துறைத் தலைவர், 2012-இல் ஓய்வு. இந்த வரிசையில் ஆர்வமூட்டும் செய்தி எதுவும் இல்லை. 1986-இல், விடையில் உள்ள பிழையைப் பின்னோக்கி அடுக்கடுக்காகக் கொண்டுசென்று திருத்தும் பின்பரவல் முறை புகழ்பெற்று நரம்பிணையங்கள் மீண்டும் மதிப்புக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதுதான் கவனிக்கத் தக்கது. அந்த மறுமலர்ச்சி பெரும்பாலும் விடை காட்டித் திருத்தும் கற்றலுக்கே பயன்பட்டது. நரம்பிணையம் என்ற சொல்லை அது பழிக்கப்பட்ட நாளில் காத்தவர்களில் பார்ட்டோவும் ஒருவர். ஆனால் சொல்லுக்கு மதிப்பு திரும்பிய நாளில் கூட்டம் வேறு பக்கம் போயிற்று.

அந்த ஆண்டுகளில் அவர் செய்தது, துறைக்கு அடித்தளம் போடும் வேலை. 1985-இல் பி. ஆனந்தனோடு சேர்ந்து, சீரற்ற தேர்வு செய்யும் கற்றல் அலகுகள் வடிவங்களைப் பிரித்தறிவது பற்றி எழுதிய கட்டுரை, அத்தகைய அலகு எந்த நிபந்தனைகளில் சரியான முடிவில் வந்து நிற்கும் என்பதைக் கணிதமாக நிறுவியது. இந்த ஆனந்தன் சென்னை ஐஐடியில் படித்தவர். பின்னர் கணினிப் பார்வைத் துறைக்குச் சென்று, 2005-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானவர்.

இன்னொரு பெரிய இணைப்பு, ரிச்சர்ட் பெல்மன் 1950-களில் உருவாக்கிய டைனமிக் ப்ரோகிராமிங்கோடு ஏற்பட்டது. பல கட்டங்களில் முடிவெடுக்கும் கணக்குகளை இறுதியிலிருந்து பின்னோக்கித் தீர்க்கும் முறை அது. 1989-இல் கேம்பிரிட்ஜில் கிறிஸ் வாட்கின்ஸ் எழுதிய ஆய்வேடு, வெகுமதி வழிக் கற்றலைப் பெல்மனின் கணிதத்துக்குள் தெளிவாக வைத்து, ஒவ்வொரு நிலையிலும் ஒவ்வொரு செயலின் மதிப்பைக் கற்கும் கியூ-லேர்னிங் என்ற முறையைத் தந்தது. அதே ஆண்டில் பார்ட்டோ, சட்டன், வாட்கின்ஸ் மூவரும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார்கள். 1995-இல் பார்ட்டோ தம் மாணவர்கள் ஸ்டீவன் பிராட்கே, சதீந்தர் சிங் ஆகியோருடன் வெளியிட்ட நீண்ட கட்டுரை, பெல்மன் முறையையும் செயற்கை நுண்ணறிவின் தேடல் முறைகளையும், செயல்படும்போதே கற்கும் நேரலைக் கற்றலையும் ஒரே சட்டகத்தில் பொருத்தியது. கட்டுப்பாட்டுப் பொறியாளர், செயற்கை நுண்ணறிவாளர், விலங்கு உளவியலாளர் மூவரும் ஒரே சமன்பாட்டை வெவ்வேறு பெயரில் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது. என் மதிப்பீட்டில் பார்ட்டோவின் எழுத்துகளில் மிகக் குறைவாகப் பேசப்படும் சிறந்த கட்டுரை அதுதான்.

மின்தூக்கி ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். ராபர்ட் கிரைட்ஸ் என்ற மாணவரும் பார்ட்டோவும் 10 மாடி, 4 லிஃப்ட் கொண்ட ஒரு கட்டடத்தைக் கணினியில் அமைத்தார்கள். மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கீழே இறங்க விரும்பும் கட்டடத்தில், எந்த லிஃப்ட் எந்தத் தளத்தில் நிற்க வேண்டும் என்பதே கேள்வி. பொத்தான்கள், லிஃப்டுகளின் இடம், திசை ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் இருக்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 1-க்குப் பின் 22 பூச்சியங்களைத் தாண்டும். அதற்குப் பெட்டி வரைய முடியாது, நரம்பிணையம்தான் வேண்டும். ஒவ்வொரு லிஃப்டும் தனித்தனியே கற்றது. எல்லோருக்கும் பொதுவான ஒரே வெகுமதி, பயணிகள் காத்திருக்கும் நேரம் குறைவது. கற்று முடித்த அமைப்பு அன்று பெயர்பெற்ற விதிமுறைகளைவிடக் காத்திருப்பைக் குறைத்தது. ஆனால் அதற்கு 60,000 மணி நேர லிஃப்ட் ஓட்டம் கணினிக்குள் தேவைப்பட்டது. உண்மைக் கட்டடத்தில் என்றால் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இரவும் பகலும் மக்கள் அந்த லிஃப்டின் கற்றுக்குட்டித்தனத்தைச் சகித்துக்கொண்டிருக்க வேண்டும். மாதிரியுலகம் மலிவாகக் கிடைக்கும் இடங்களில், அதாவது விளையாட்டுகளில், இந்தத் துறை முதலில் வென்றதற்குக் காரணம் இதில் தெரிகிறது. ஐபிஎம்மின் ஜெரால்ட் டெசாரோ பகடை உருட்டி ஆடும் பேக்கேமன் ஆட்டத்துக்காக 1992-இல் செய்த நிரல் தன்னோடு தானே ஆடிக் கற்றது. 2016 மார்ச்சில் சியோலில் முன்னணி கோ ஆட்டக்காரரான லீ செடோலை 4–1 என வென்ற ஆல்ஃபாகோ நிரலும் அவ்வாறே பெரும்பகுதி கற்றது. ஆல்ஃபாகோ குழுவை வழிநடத்திய டேவிட் சில்வர், ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் சட்டனிடம் முனைவர் பட்டம் பெற்றவர்.

மூளைக்குத் திரும்புதல்

கிளாஃப்பின் கோட்பாடு என்னவாயிற்று? அதன் நேரடி வடிவம் நிலைக்கவில்லை. ஆனால் ஆய்வு தொடங்கிய இடமான மூளைக்கு அது வேறு வழியில் திரும்பிச் சென்றது. நரம்பறிவியலாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிடும் குரங்குகளின் மூளை நரம்பணுக்களின் செயல்பாட்டைப் பதிவு செய்துவந்தார். முதலில் பழச்சாறு கிடைக்கும்போது அந்த நரம்பணுக்கள் துடித்தன. சாற்றுக்கு முன் ஒரு விளக்கு எரிவது பழகிய பிறகு, துடிப்பு சாற்றிலிருந்து விளக்குக்கு இடம்பெயர்ந்தது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வர வேண்டிய நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்தது. 1983-இன் மதிப்பீட்டாளர் அனுப்பும் உள்செய்தியும் இதே போலத்தான் நடந்துகொள்ளும். 1995-இல் மூளையின் அடித்தள நரம்புத்திரள்களைப் பற்றிய தொகுப்பு நூலில் பார்ட்டோ எழுதிய அத்தியாயம் இந்த ஒப்புமையை எடுத்துரைத்தது. 1997-இல் ஷுல்ட்ஸ், பீட்டர் டேயன், ரீட் மாண்டேகு ஆகியோர் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, டோபமைன் என்பது இன்பத்தின் அளவு அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாடு என்ற கருத்து நரம்பறிவியலில் வேரூன்றியது. ஒரு பொறியியல் உத்தி, பின்னர் உயிரினத்தில் அதன் இணையைக் கண்டது அரிய நிகழ்வு. பார்ட்டோ பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மற்றும் நடத்தை ஆய்வுத் திட்டத்திலும் உறுப்பினராக இருந்தது பெயரளவுக்கு அல்ல என்பதற்கு இதுவே சான்று.

நூலும் மாணவர்களும்

1998-இல் எம்ஐடி பதிப்பகம் வெளியிட்ட சட்டன்–பார்ட்டோ பாடநூல், சமன்பாடுகளைக் குறைத்து, சிறு எடுத்துக்காட்டுகளால் கருத்தை வளர்த்துச் செல்லும் நடையில் அமைந்தது. 2018-இல் மிகவும் விரிவான இரண்டாம் பதிப்பு வந்தது. அதை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். 75,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகள் அதை மேற்கோள் காட்டியிருப்பதாகக் கணினித் துறையினரின் சங்கமான ஏசிஎம் அமைப்பு குறிப்பிட்டது. சொற்களை நிலைநிறுத்தியதே அந்த நூலின் பெரிய செல்வாக்கு. வெவ்வேறு துறைகளிலிருந்து வந்தவர்கள் அதன் பிறகு ஒரே கலைச்சொற்களில் பேசினார்கள். தம் முறைகளின் பலவீனத்தையும் நூல் மறைக்கவில்லை. மதிப்புகளைப் பட்டியலிடாமல் தோராயமாகக் கணக்கிடும் சார்புகள், கணிப்பால் கணிப்பைத் திருத்துதல், தான் செய்யாத நடத்தையைப் பற்றிக் கற்றல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் கற்றல் கட்டுமீறிச் சிதறக்கூடும் என்பதை இரண்டாம் பதிப்பு வெளிப்படையாக எச்சரிக்கிறது.

ஆய்வகம் முதலில் தகவமைப்பு வலையமைப்பு ஆய்வகம் என்றும், பின்னர் தன்னியக்கக் கற்றல் ஆய்வகம் என்றும் பெயர் பெற்றது. பின்னாளில் ஸ்ரீதர் மகாதேவன் அதன் இணை இயக்குநராக இருந்தார். அவரும் பார்ட்டோவும் 2003-இல் படிநிலை வலுவூட்டல் கற்றலைப் பற்றி எழுதிய மீளாய்வு இன்றும் படிக்கப்படுகிறது. தமிழகத்துக்கு நேரான தொடர்பும் இந்த ஆய்வகத்திலிருந்தே வந்தது. பார்ட்டோவின் வழிகாட்டுதலில் 2004-இல் முனைவர் பட்டம் பெற்ற பாலராமன் ரவீந்திரன், சென்னை ஐஐடியில் பேராசிரியரானார். வேறுவேறாகத் தோன்றும் இரண்டு சூழல்கள் இயற்கணித அமைப்பில் ஒன்றாக இருந்தால், ஒன்றில் கற்றதை மற்றொன்றில் பயன்படுத்தலாம் என்பது அவருடைய ஆய்வேட்டின் சாரம். 162 பெட்டிகளை யார் வரைவது என்ற பழைய கேள்வியின் தொடர்ச்சியாகவே அதைப் படிக்கலாம். இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல் வழியாக அவர் நடத்திய வலுவூட்டல் கற்றல் பாடம், கல்லூரியில் இந்தத் துறைக்கு ஆசிரியரே இல்லாத ஊர்களின் மாணவர்களுக்கும் எட்டியது.

வெகுமதியை எழுதுபவர்

பணியின் பிற்பகுதியில் பார்ட்டோவின் கவனம், வெகுமதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குத் திரும்பியது. 2004-இல் சதீந்தர் சிங், நுட்டபோங் செந்தனேஸ் ஆகியோருடன் சேர்ந்து, வெளியிலிருந்து வெகுமதி ஏதும் வராத நேரத்திலும் புதுமையின் மீது கொண்ட ஆர்வத்தாலேயே கற்கும் அமைப்பை முன்வைத்தார். குழந்தை பொம்மையை உருட்டிப் பார்ப்பதற்கு யாரும் மிட்டாய் தருவதில்லை. ஆனால் அந்த உருட்டலில் கற்றவை பின்னர் மிட்டாய் டப்பாவைத் திறக்க உதவும்.

2025 மார்ச் 5 அன்று, வலுவூட்டல் கற்றலின் கருத்தியல் அடித்தளத்தையும் நெறிமுறை அடித்தளத்தையும் அமைத்ததற்காகப் பார்ட்டோவுக்கும் சட்டனுக்கும் கணினி அறிவியலின் மிக உயரிய விருதாகக் கருதப்படும் ஏ.எம். டூரிங் விருதை 2024-ஆம் ஆண்டுக்காக ஏசிஎம் அறிவித்தது. பரிசுத் தொகை 10 இலட்சம் டாலர். பார்ட்டோ ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் சாட்ஜிபிடி போன்ற உரையாடல் அமைப்புகளைப் பழக்குவதில், மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்ற ஒப்பீட்டிலிருந்து ஒரு வெகுமதி மாதிரியை உருவாக்கி, அதைக் கொண்டு மொழி மாதிரியைத் திருத்தும் முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்கேயும் செய்பவர், மதிப்பிடுபவர் என்ற பழைய இணை பயன்படுகிறது. விருதையொட்டி நிருபர்கள் கேட்டபோது, போதிய பாதுகாப்பு ஏற்பாடுகள் இன்றி மென்பொருளை இலட்சக்கணக்கான மக்களிடம் விடுவது நல்ல பொறியியல் நடைமுறை அல்ல என்ற கருத்தைப் பார்ட்டோ தெரிவித்தார்.

அந்தக் கவலை அவருடைய ஆய்வுக்குள்ளிருந்தே வருவதாக எனக்குத் தோன்றுகிறது. 1983-இல் வெகுமதியைப் பற்றி வாதிட எதுவும் இல்லை. கோல் விழுந்ததா இல்லையா என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை, 'கழித்தல் 1' என்பதை எவர் எழுதினாலும் ஒன்றுதான். லிஃப்டில் காத்திருப்பு நேரம் என்று வந்தபோதே, சராசரியைக் குறைப்பதா, மிக நீண்ட காத்திருப்பைக் குறைப்பதா என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது. நல்ல பதில் எது என்ற கேள்வியில் அந்த முடிவு, கூலிக்கு ஒப்பிட்டு மதிப்பெண் இடும் மனிதர்களிடமும் அவர்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுக்கும் நிறுவனங்களிடமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. தாளின் மேலே 43 என்று எழுதும் அந்த இரண்டாம் ஆசிரியர் யார் என்பதைக் கற்கும் இயந்திரம் கேட்பதில்லை.